விருஷபாசலத்தில் அழிந்த பெயர்



பரத சக்கரவர்த்தியின் வரலாறு நம் இல்லங்களில் பாட்டிமார் சொல்லக் குழந்தைகள் கேட்டு வளர்ந்த வரலாறு. பாகுபலி சுவாமியோடு அவர் புரிந்த திருஷ்டி யுத்தம், ஜல யுத்தம், மல்ல யுத்தம் மூன்றையும் நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அவற்றுக்கு முன்னர் விருஷபாசலத்தில் நிகழ்ந்த ஒன்றை விரைந்து கடந்து விடுகிறோம். ஜினசேனாசாரியார் 9ஆம் நூற்றாண்டில் அருளிய ஆதிபுராணம் அதனைக் கூறுகிறது.

திக்விஜயத்தில் வடதிசை சென்ற பரதர், தம் புகழைக் காகிணி ரத்தினத்தால் அம்மலைப் பாறையில் பொறிக்க விழைந்தார். தம்மைப் போல் உலகாண்டவர் முன்னர் எவரும் இலர் என்பது அவர் எண்ணம். அருகே சென்று நோக்கினால், எழுத இடமே இல்லை! அவருக்கு முன் தோன்றி மறைந்த எண்ணற்ற சக்கரவர்த்திகளின் பெயர்கள் பாறையை நிறைத்திருந்தன. அவர் செருக்கு அடங்கியது. பின்னர் என் செய்தார்? முன்னோர் ஒருவரின் பெயரை அழித்து, அவ்விடத்தில் தம் பெயரை எழுதினார்.

இங்கேதான் நாம் சற்று நிற்றல் வேண்டும். உண்மை தெரிந்தது, நாணமும் வந்தது, கை மட்டும் நிற்கவில்லை. அறியாது தவறுதல் வேறு. அறிந்ததை அறியாதது போல் ஒதுக்கி வைத்தல் வேறு. மோகனீய கர்மத்தை ஆசாரியர்கள் மதுவுக்கு ஒப்பிட்டது எத்துணைப் பொருத்தம்! குடித்தவன் தான் தள்ளாடுவதை ஒப்புவதில்லை. தரை சரியில்லை என்பான்.

சக்கர ரத்தினம் அயோத்தி நகர் வாயிலில் நின்றது. தம்பியர் பணியாமையே காரணம் என்றார் புரோகிதர். விருஷபாசலத்தில் கற்றதைப் பரதர் அப்போது நினைந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. நினைந்திலர். தம்பியைப் பணியச் செய்வதை அரச தர்மம் என்றே கொண்டார். மூன்று யுத்தங்களிலும் தோற்ற பின்பு உடன்பிறந்தவர் மீதே சக்கரத்தை ஏவினார். அது பாகுபலியை வலம் வந்ததேயன்றி ஊறு செய்யவில்லை.

பாகுபலியின் நிலையும் எண்ணத்தக்கது. ஓராண்டு அசையாது நின்று தவம் புரிந்தும், தம்மால் அண்ணனுக்கு வருத்தம் நேர்ந்ததே என்னும் நினைவு உள்ளத்தே தங்கியிருந்தது. பரதர் வந்து வணங்கியபோதன்றோ கேவலஞானம் உதித்தது! அத்தகைய மாமுனிவருக்கே முள்ளை நீக்க இன்னொருவர் வர வேண்டியிருந்தது. மாயை, மித்யாத்துவம், நிதானம் என்னும் மூன்று சல்யங்களும் நீங்கியவரையே விரதி எனத் தத்துவார்த்த சூத்திரம் ஏற்கிறது. சல்யம் என்றாலே முள். நம் குற்றத்தை நமக்குள்ளேயே எண்ணி முடித்துக்கொள்ளாமல், குருவின் முன் வாய்விட்டுச் சொல்லும் ஆலோசனையை முன்னோர் வகுத்தது இதனாற்றான்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம் ஒன்று. பிறர் குறையை மறைத்துக் காத்தல் அதன் பொருள். பொறுப்பில் உள்ளோர் பலர் இதனைத் தலைகீழாகக் கைக்கொள்கிறோம். பிறர் குறை சபைக்கு வருகிறது. உபகூகனம் முழுவதும் நமக்கே செலவாகிறது.

யாமும் விலக்கல்லோம். ஒரு ஜினாலயத்தின் வரவு செலவைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தோம். ஒரு காசும் எடுத்ததில்லை. அந்நேர்மையே கண்ணை மறைத்தது. ஒருமுறை சபையில் இளைஞர் ஒருவர் எழுந்து, நந்தீஸ்வர பூஜைக்கு வசூலான தொகைக்குக் கணக்குக் கேட்டார். "பெரியோரை ஐயுறுதல் அறமன்று" என்று கூறி அவரை அமரச் செய்தோம். சபையும் தலையசைத்தது. வீடு திரும்பிய பின்னரே உறைத்தது, அக்கணக்கை யாம் எழுதியே வைக்கவில்லை என்பது. களவு இல்லை, சோம்பல்தான். அச்சோம்பலை மறைக்க அறத்தைத் துணைக்கு அழைத்தோம்! பிறர் நம்மைப் போற்றுவதால் வரும் செருக்கைப் பூஜா மதம் என எட்டு மதங்களுள் வைத்து எண்ணுவதைப் பலருக்கும் பாடமாகச் சொல்லியவர் யாம்.

உடனே சென்று அவரிடம் ஒப்புக்கொண்டோமா எனில், இல்லை. மூன்று மாதங்கள் ஆயின. ஒரு சதுர்த்தசி நாளில், பூஜை முடிந்ததும், அனைவர் முன்னிலையிலும் சொன்னோம். குரல் நடுங்கியது. அவ்விளைஞர் ஒன்றும் பேசாமல் ஒரு புதிய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

இன்று அதனை எழுதுபவர் அவரே. கையெழுத்திடுமுன் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்குமாறு எம்மைக் கேட்கிறார். சில நாட்களில் அது கசக்கத்தான் செய்கிறது.