மேடைக்கு யார் உயரம்?

சமையலறையை மாற்றிக் கட்ட நினைத்ததும் டைல்ஸ் கடைக்கு ஓடுகிறோம். அதற்கு முன், சமைப்பவர் எங்கெல்லாம் நடக்கிறார் என்று ஒரு நாள் பாருங்கள். 1926-இல் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்குச் சமையலறை வரைந்த கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி அப்படித்தான் தொடங்கினார்: எந்த வேலைக்கு எத்தனை எட்டு நடை, எவ்வளவு நேரம் என்ற கணக்கு. அறையோ சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான்!

நம் வீட்டில் அடுப்பு அக்னி மூலைக்குப் போய்விடும்; போகட்டும். ஸிங்க்கும் ஃபிரிட்ஜும் அதற்கு எட்டும் தூரத்தில் இருந்தால் சரி. மேடை உயரத்தை மட்டும் மேஸ்திரியின் வழக்கத்துக்கு விடாதீர்கள். சமைப்பவரை நிற்கவைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே சுவரில் கோடு போடச் சொல்லுங்கள். கிரைண்டருக்குத் தாழ்வாக ஒரு தனி மேடை. பக்கத்திலேயே பிளக் பாயின்ட்.