திக்கலும் மௌனமும்

திக்குவாய், கொன்னைவாய், தெற்றுவாய் என்று தமிழில் இதற்கு உள்ள பெயர்கள் எல்லாமே வாயில் வந்து முடிகின்றன. குறை வாயில்தான் என்று மொழி முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் திக்குகிறவனுடைய நாக்கிலோ உதட்டிலோ பொதுவாக ஊனம் ஏதும் இருப்பதில்லை. சொல்லவேண்டிய சொல்லும் அவனுக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் அவனுடைய வேதனை.

செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கிறது. ஒருவன் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். மத்தளம் தாளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பகலில் தன் பெயரைச் சொல்லத் திணறுகிற ஒருவன் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து பாட நேர்ந்தால், அநேகமாகத் திக்கமாட்டான். பாட்டிலும், பலர் ஒரே குரலாகச் சொல்லும்போதும் திக்கல் மறைகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்பது பல நாடுகளில் கவனிக்கப்பட்ட விஷயம். காலத்தை அங்கே அவன் தனியாகச் சுமக்கவேண்டியதில்லை.

மறுநாள் அவனே திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கண்டக்டர் எதிரே நிற்கிறார். பேச்சில் வராத சொல்லுக்குப் பதிலாக வேறொன்றைப் போட்டுத் தப்பிக்கலாம். ஊர்ப் பெயருக்கு அப்படிப் பதில் கிடையாது, தன் பெயருக்கும் கிடையாது. ‘செஞ்சி’ வராது என்று தெரிந்தவன், வாயில் வருகிற ஆலம்பூண்டிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு செஞ்சியில் இறங்கிவிடக்கூடும். திக்குகிறவர்களிடையே இத்தகைய உபாயங்கள் சகஜம். கவிஞன் பொருத்தம் பார்த்துச் சொல்லைத் தேர்கிறான். இவன் பயம் பார்த்துத் தேர்கிறான். கேட்கிறவர்களுக்கு இவன் சரளமாகப் பேசுகிறவன்.

இந்தப் பயத்தைத் தந்தது யார் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியர், தாமே திக்குபவர், ஒரு கருத்து வைத்திருந்தார்: குழந்தையின் இயல்பான தடுமாற்றத்தைப் பெரியவர்கள் ‘திக்கல்’ என்று பெயரிடுவதால்தான் அது திக்கலாகிறது என்று. இதைச் சோதிக்க 1939-இல் அவருடைய மாணவி மேரி டியூடர் ஒரு அநாதை இல்லத்துக்குப் போனார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம், உங்களுக்குத் திக்கல் இருக்கிறது, சரியாக வராவிட்டால் பேசாதீர்கள் என்று சொல்லப்பட்டது. குழந்தைகள் திக்குவாயர்கள் ஆகிவிடவில்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டு ஒடுங்கிப்போனார்கள். 2001-இல்தான் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

ஜான்சனின் கொள்கை பின்னால் கைவிடப்பட்டது. மூளை பேச்சை இயக்கும் விதமும் பரம்பரையும் இதில் சம்பந்தப்பட்டவை என்று இன்று தெரியும். 2010-இல் திக்கலோடு தொடர்புள்ள சில மரபணு மாற்றங்கள் கண்டறியப்பட்டன. ஆனால் அந்தக் கொடிய சோதனை தன்னை அறியாமலே இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டிவிட்டது. திக்கல் உடம்பின் காரியம். மௌனம் மற்றவர்கள் கொடுப்பது. முதலாவதை நீக்க எப்போதும் முடிவதில்லை. இரண்டாவதற்கு நாம்தான் பொறுப்பு.

உதவி என்று நாம் பேசுவதெல்லாம் முதலாவதைப் பற்றியே இருக்கிறது. சிறு குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் போல ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தானே போய்விடுகிறது, பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் போல மிஞ்சுகிறார்கள். மைசூரில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி, முக்கியமாகச் சிறு வயதில், பலன் தருகிறது. இவை வேண்டும், செஞ்சி போன்ற ஊர்களுக்கு எட்டவும் வேண்டும். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், பேச்சுக் குறைக்கு உதாரணமாகக் குரல்வளை நீக்கப்பட்டவரையும் மூளைப் பாதிப்பால் பேச்சு இழந்தவரையும் சொல்கிறது. திக்கலின் பெயர் அதில் இல்லை. பேச்சு இருந்தும் பேசமுடியாத ஸ்திதி சட்டத்தின் கண்ணில் படவில்லை. திக்குபவர்களே நடத்தும் இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் இதை வேறு பக்கத்திலிருந்து அணுகுகிறது: திக்கலை மறைக்காதே, திக்கிக்கொண்டே பேசு என்று. ஆனால் அப்படிப் பேசுவதற்கு எதிரே ஒரு காது வேண்டும்.

எழுதுகிறவர்களாகிய நாம் மௌனத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. வரி உடைந்து நிற்கும் இடத்தை, சொல் வராத இடைவெளியைக் கவிதையில் மதிக்கிறோம். அதே இடைவெளி எதிரே உட்கார்ந்திருப்பவன் வாயில் நேர்ந்தால் நாலு விநாடி பொறுப்பதில்லை. அவன் சொல்லை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். தயவு என்று நினைத்துத்தான் செய்கிறோம். நாம் கொடுத்தது அவன் தேடிய சொல்லாக இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் அவன் தலையாட்டிவிடுகிறான். இல்லை என்று மறுக்க இன்னொரு வாக்கியம் பேசவேண்டியிருக்கும்.