பேறுகால வலியில் கடவுளுக்கு என்ன கணக்கு?

"ஊசி, மருந்து எதுவும் இல்லாம பெத்துக்கிறதா மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கேன் சிஸ்டர்" என்றாள், கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண். தலைப்பிரசவம், ஏழு மாதம். தினமும் ராத்திரி ஒரு குரலைக் காதில் போட்டுக்கொண்டு படுக்கிறாள். நெற்றி தளரட்டும், தாடை தளரட்டும், தோள் தளரட்டும் என்று அந்தக் குரல் பாதம்வரை இறங்குகிறது. மூச்சை எப்படி நீட்டி விடுவது என்று சொல்லித்தருகிறது. ஹிப்னோபர்த்திங் என்று பெயர். ஆளைத் தூங்கவைப்பதோ வசியம் செய்வதோ இதில் இல்லை. நினைவு தெளிவாக இருக்கும், கவனம் மட்டும் ஒரே இடத்தில் குவியும். பயிற்சியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த நேர்த்திக்கடன்தான் மனதை அறுக்கிறது. மருந்தில்லாமல் பெறுவதை விரதமாக்கினால், பெண் படும் வலி கடவுளுக்குக் காணிக்கை என்றாகிவிடும். அதைக் கைநீட்டி வாங்கிக்கொள்ளும் கடவுள் யார்?

நான் லேபர் ரூம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது வண்டிப்பெரியாற்றில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். பாதி வேலைக்காலம் இடுக்கி மலையில், மீதி சித்தூர் தாலுகாவில். கொழுந்து கிள்ளும் பெண்கள், மறையூர்ப் பக்கத்து முதுவான் பழங்குடிப் பெண்கள், முதலமடைப் பக்கத்து இரவாளர் பழங்குடிப் பெண்கள், பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு முக்கியிருக்கிறார்கள். உள்ளே அலறல் உயரும்போது வெளியே நிற்கும் பெரியவர்கள் சொல்வது மட்டும் மதத்துக்கு மதம் அதிகம் மாறாது. முன்ஜென்ம வினை என்பார் ஒருவர். ஏவாள் செய்ததை நாம் அனுபவிக்கிறோம் என்பார் இன்னொருவர். பொறுத்துக்கோ, இதுக்குக் கூலி உண்டு என்பார் வேறொருவர். எல்லாருமே வலிக்கு ஒரு விலை குறித்துவைத்திருக்கிறார்கள்.

இந்த வழக்கு பழையது. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபாம் கொடுத்தபோது, ஏவாளுக்கு விதித்த வேதனையை மனிதன் நீக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர் அதே ஆதியாகமத்தை எடுத்துக் காட்டினார்: ஆதாமின் விலா எலும்பை எடுப்பதற்கு முன் கடவுள் அவனை ஆழ்ந்து உறங்கவைக்கவில்லையா? 1853இல் விக்டோரியா அரசியே குளோரோஃபாம் முகர்ந்து பிள்ளை பெற்றபின் அந்தச் சத்தம் அடங்கத் தொடங்கியது.

மனதின் வழியாக வலியைத் தணிக்கும் முயற்சி நம் நாட்டிலும் அதற்கு முன்பே நடந்திருக்கிறது. 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஹிப்னாசிஸுக்கு முன்னோடியான மெஸ்மரிசத்தால் மயங்கவைத்துப் பெரிய பெரிய கட்டிகளை அறுத்தெடுத்தார். இருட்டறையில் நோயாளியின் தலைமாட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்து மயங்கவைத்தவர்கள் அவருடைய இந்திய உதவியாளர்கள். குளோரோஃபாம் கப்பலேறி வந்ததும் அந்த முறை மறைந்தது. சில நிமிடத்தில் மருந்து செய்துவிடும் வேலைக்கு ஓர் ஆள் எதற்கு? மருந்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் எழுந்து போனதில் ஒன்று நம்மைவிட்டுப் போனது.

1933இல் இங்கிலாந்தின் கிராண்ட்லி டிக்-ரீட், பயம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மறுபடி பயத்தை வளர்க்கிறது என்று எழுதினார். லேபர் ரூமில் நின்றவர்களுக்கு இதை யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. பயந்த உடம்பில் அட்ரினலின் ஏறும், கருப்பையின் சுருக்கம் தாளம் தப்பும், பிரசவம் இழுத்துக்கொண்டே போகும். சோவியத் நாட்டில், கார்கிவ் நகரத்தில், வெல்வோவ்ஸ்கி முதலியவர்கள் ஹிப்னாசிஸில் தொடங்கி, பிறகு கர்ப்பிணிக்குப் பாடம் சொல்லித் தயார்செய்யும் முறைக்கு வந்தார்கள். 1951இல் சோவியத் நாட்டுக்குப் போய்ப் பார்த்த ஃபெர்னான் லமாஸ் அதைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். நாத்திக நாட்டின் சரக்கு என்று கத்தோலிக்கர்கள் தயங்கினார்கள். 1956 ஜனவரி 8ஆம் தேதி போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் மருத்துவர்கள் முன் பதில் சொன்னார்: ஒரு முறையைக் கண்டுபிடித்தவரின் கொள்கை வேறாக இருப்பதால் அந்த முறை பொய்யாகாது. ஏவாளைத் தண்டித்த கடவுள், தாய்மார் தங்கள் வலியைக் குறைத்துக்கொள்ளும் வழிகளைத் தடுக்கவில்லை. இடுக்கியின் எந்தப் பங்குக் கோவிலிலும் இதைப் பிரசங்கத்தில் சொல்லலாம். நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

குர்ஆனில் மர்யம் பேரீச்ச மரத்தடியில் வலி தாங்காமல், இதற்கு முன்பே செத்திருக்கக் கூடாதா என்று கதறுகிறார். அப்படிக் கதறியதற்காக யாரும் அவரைக் கடியவில்லை. கவலைப்படாதே என்று ஒரு குரல் வருகிறது, காலடியில் தண்ணீர் ஓடுகிறது, மரத்தை உலுக்கினால் பழம் விழுகிறது. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை நம் எல்லாருக்கும் தெரியும். காவிரி வெள்ளத்தில் தாய் வந்துசேர முடியாத ரத்தினாவதிக்கு, சிவன் அவள் அம்மாவாகவே வந்து பிரசவம் பார்த்தார். எந்த வினைக்காக இவளுக்கு இந்த வலி என்று அங்கே விசாரணை நடக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு அம்மா தேவைப்பட்டாள், கடவுள் அம்மாவானார். என் சமயம் எனக்குத் தந்ததில் இதைவிட உயர்ந்ததை நான் காணவில்லை.

அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் பேசினேன். அம்மை போட்டால் அது அம்மனே வந்திருப்பது என்கிறோம், அப்போதும் வேப்பிலையால் விசிறி, இளநீர் கொடுத்து, உடம்பைக் குளிரவைப்பதுதானே அவளுக்குச் செய்யும் பூசை என்றேன். நேர்ந்ததை விளக்குப் பூசையாக மாற்றிக்கொள் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறாள்.

இன்னொரு சங்கடம் இருக்கிறது. பயத்தால்தான் வலி என்று சொல்லிவிட்டால், வலித்தவள் பயந்தவள் ஆகிறாள். மனதை அடக்கத் தெரியாதவள், பயிற்சியை ஒழுங்காகச் செய்யாதவள். முன்ஜென்ம வினை என்று சொன்ன கிழவி விட்ட இடத்தில் இந்தப் புதுப் பேச்சு வந்து உட்கார்ந்துகொள்கிறது. குழந்தை முகம் மேல்நோக்கித் திரும்பி, முதுகெலும்பு நொறுங்குவதுபோல் வலித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த மூச்சுப் பயிற்சியாலும் அந்தத் தலையைத் திருப்பியிருக்க முடியாது. 2016இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 3,000 பெண்களுக்குச் சற்றுக் குறைவானவர்கள் பங்குகொண்ட 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஹிப்னாசிஸ் கற்றவர்கள் மொத்தத்தில் வலிமருந்தைக் குறைவாகக் கேட்டார்கள். முதுகில் போடும் எபிடியூரல் ஊசியில் தெளிவான வித்தியாசம் இல்லை. உதவும், ஆனால் எல்லாருக்கும் எப்போதும் அல்ல. பயிற்சியும் செய்து, ஊசியும் கேட்டுப் பெற்றவள் தோற்றுப்போனவள் என்று அவளிடம் யாரும் சொல்லக் கூடாது.

மருந்தில்லாப் பிரசவம் ஒரு கொள்கையாகிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018 ஜூலையில் திருப்பூரில் கண்டோம். வீட்டிலேயே, வீடியோ பார்த்து நடத்திய பிரசவத்தில் ஓர் இளம் ஆசிரியை உதிரப்போக்கில் இறந்தார். அடுத்த மாதமே, எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் கோவையில், வீட்டில் பிரசவம் பார்க்க ஒருநாள் பயிற்சி என்று விளம்பரம் செய்தவர் கைதானார். குழந்தை வந்தவுடன் தாயின் தொடையில் போடும் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி வலிக்கானதல்ல. கருப்பை சுருங்கி ரத்தம் நிற்பதற்கானது. தளர்வுப் பயிற்சியால் பயம் அடங்கும், ரத்தம் நிற்காது. அந்த ஊசியையும் வேண்டாம் என்று விரதத்தில் சேர்ப்பவர்களிடம் எனக்கு விட்டுக்கொடுத்துப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் மருத்துவமனைக்குள் நாங்கள் என்ன கொடுக்கிறோம்? ஹிப்னாசிஸ் முழுக்கக் குரலை நம்பிய வேலை. அந்தக் குரல் அவளுடைய பேச்சில் இருக்க வேண்டும். மலையிறங்கி வரும் முதுவான் பெண் பேசுவது ஒரு வகைத் தமிழ். லயத்துப் பெண் பேசுவது எங்கள் தோட்டத்துத் தமிழ். வலியில் இருப்பவளுக்கு மலையாளத்தில் சட்டென்று ஒரு கட்டளை வந்தால், அர்த்தம் புரிந்தாலும் உடம்பு இன்னும் கொஞ்சம் இறுகும். "பயப்படாத தாயி, நான் இருக்கேன்ல" என்று தமிழில் சொன்னதும் பிடித்திருந்த விரல்கள் தளர்வதை என் கையில் உணர்ந்திருக்கிறேன்.

2018இல் உலக சுகாதார நிறுவனம், வலி குறையக் கேட்கும் பெண்ணுக்குத் தசைத் தளர்வு, மூச்சு, இசை போன்றவற்றைப் பரிந்துரைத்தது. அவள் விரும்பும் ஒருவர் பிரசவம் முடியும்வரை பக்கத்தில் இருக்கவும் சொன்னது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017இல் தொடங்கிய லக்‌ஷ்யா திட்டமும் அந்தத் துணையை வலியுறுத்துகிறது. இன்னமும் அம்மாக்கள் பைஸ்டாண்டர் என்ற பெயரில் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை இங்கே பார்க்கிறேன். இடமில்லை, மற்ற பெண்களுக்கு மறைவில்லை என்கிறார்கள். கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரையும், தலைமாட்டில் ஒரு ஸ்டூலும், எட்டாம் மாதத்திலேயே அந்த அம்மாவையும் மகளையும் சேர்த்து உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லித்தரத் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸும் போதும். சம்பளம் கேட்காமல் வந்து சொல்லித்தர நான் தயாராக இருக்கிறேன், என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் இந்த எல்லை முழுக்க இருக்கிறார்கள்.