அணைக்கிற கை

நெடுநாள் கழித்துச் சொந்த ஊருக்குப் போகிறோம். வாசற்படி ஏறியதும், "ஏன்டா இப்படி இளைத்துவிட்டாய்?" என்று தாயார் கேட்காவிட்டால் நமக்கு ஏதோ குறையாகத்தான் இருக்கிறது. சீராட்டப்படுவதற்காகக் கொஞ்சம் இளைத்திருக்கவும் நாம் தயார். ஆனால், பிள்ளை எப்போதும் நோயாளியாகவே இருக்கவேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்பட்டால்?

அமெரிக்க எழுத்தாளர் கில்லியன் ஃப்ளின் 2006-இல் வெளியிட்ட தம் முதல் நாவலான 'ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்' என்னை இந்தக் கேள்வியில் மாட்டிவிட்டது. 1764-இல் ஹொரேஸ் வால்போல் தொடங்கிவைத்த திகில் நாவல் மரபில் பழைய கோட்டையும் ஆவியும் உண்டு. இங்கே கோட்டைக்குப் பதில் மிஸௌரி மாநிலத்துச் சிற்றூரில் ஒரு பெரிய வீடு. ஆவிக்குப் பதில் பெற்ற தாய்.

சிகாகோவில் பத்திரிகை நிருபராக இருக்கும் கமீல், சிறுமிகளின் கொலையைப் பற்றி எழுதுவதற்காகத் தன் ஊருக்குத் திரும்புகிறாள். கொலையாளி யாரென்று சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்கமாட்டேன். தாய் அடோராவைப் பற்றி மட்டும் சொல்லத்தான் வேண்டும். பெற்ற பெண்ணுக்குத் தானே எதையோ புகட்டி நோயை வரவழைத்து, பிறகு கண்விழித்துப் பணிவிடை செய்கிறவள் அவள். கொடுத்ததைக் குடித்த தங்கை மாரியன் இறந்துபோனாள். குடிக்க மறுத்த கமீல் உயிர் பிழைத்தாள். ஆனால் தாயின் அன்பை இழந்தாள்.

இத்தனையும் தெரிந்த பிறகும், ஒரு நாள் தாய் நீட்டியதைக் கமீல் வாங்கிக் குடிக்கிறாள்! பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழந்தைப் பருவம் முழுவதும் அந்தக் கைக்காக ஏங்கியவள் அல்லவா?

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று அடிக்கிற கைக்குச் சமாதானம் சொல்லிவிட்டோம். அணைக்கிற கையை நாம் சந்தேகிப்பதே இல்லை.

ஒரு முறை என் மகன் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தான். நான்தான் கஞ்சி ஊட்டினேன். எட்டாம் நாள், "நானே குடிக்கிறேன், அப்பா" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டான். மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிக்கு அடியில், வண்டலைப்போல், ஒரு துளி ஏமாற்றமும் இருந்தது. அதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

தான் பிறரிடம் காட்டுவது பரிவா, தாயிடமிருந்து வந்த நோயா என்று நாவலின் முடிவில் கமீலும் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். பணிவிடை செய்யும்போது இதற்கு விடை கிடைக்காது. நம் கை இனி வேண்டாம் என்று அவர்கள் எழுந்து நடக்கிறார்களே, அந்த நாளில் நம் மனம் என்ன சொல்கிறது என்று கேட்டால் தெரிந்துவிடும்.