தோற்பதற்கு ஓர் இடம்

ராயப்பேட்டையின் குறுக்குச் சந்துகளில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கிரிக்கெட்டுக்கு அச்சடித்த விதிப்புத்தகம் கிடையாது. ஆனால் அதைவிடக் கறாரான சட்டத்தை எந்த ஸ்டேடியத்திலும் பார்க்க முடியாது. மொட்டை மாடிக்கு அடித்தால் அவுட். நிறுத்தியிருக்கும் காரில் பந்து நேராகப் பட்டால் அவுட். கையை மடக்கி எறியும் மாங்கா போடக் கூடாது. பேட்டிங் மட்டும் ஆடிவிட்டு ஓடும் ஓசி காஜி கிடையாது. நாலு வயதுத் தம்பியையும் சேர்த்துக்கொண்டால்தான் ஆடுவேன் என்று ஒருவன் அடம்பிடித்தால், தம்பி ஒப்புக்குச் சப்பாணி. எத்தனை முறை போல்டானாலும் அவன் அவுட் இல்லை. அதே தெருவில் எட்டாவது படிக்கும் ஒருவன் மற்றவர்களைவிட ஒரு முழம் வளர்ந்து, எல்லாப் பந்தையும் தெருமுனைக்கு விரட்டுகிறவனாக இருந்தால் அவனுக்கும் ஒரு சட்டம் பிறக்கும். நீ கடைசியில் இறங்கு. இல்லையா, இடது கையால் ஆடு. அதுவும் இல்லையா, உன் டீமுக்கு ஓர் ஆள் குறைச்சல்.

இந்தச் சட்டங்களைப் போட்டவர்கள் நீதியைப் பற்றி ஒரு வரிகூடப் படித்தவர்கள் இல்லை. சின்னப் பசங்கள் கோவித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் பந்து பொறுக்க ஆள் இருக்காது, ஆட்டம் நின்றுவிடும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். பெரிய ஆட்டக்காரனுக்கும் அது தெரியும். அதனால் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறான்.

அதே பிள்ளைகள் வெள்ளை பேன்ட் போட்டுக்கொண்டு ஓர் அகாடமிக்குப் போனதும் சட்டம் போடும் உரிமை பெரியவர்கள் கைக்கு மாறிவிடுகிறது. வயதுப் பிரிவு, நுழைவுக் கட்டணம், கோப்பை, சான்றிதழ் எல்லாம் வந்துவிடுகின்றன. தெருவில் ஐந்து நிமிடச் சண்டையில் தீர்ந்த கேள்வி அங்கே தீராமல் நிற்கிறது. மற்றவர்களைத் தாண்டி வெகுதூரம் போய்விட்ட ஒரு பிள்ளையை என்ன செய்வது?

ஒரு வழி, கட்டிப்போடுவது. 2008இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்துச் சிறுவர் பேஸ்பால் லீக் ஒன்றில் ஒன்பது வயதுப் பையன் பந்தை மிக வேகமாக எறிந்தான். அவன் எறியவே கூடாது என்று நிர்வாகிகள் சொல்லிவிட்டார்கள். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசும் சிறுவனுக்கு ஓவர் எண்ணிக்கையை வரையறுப்பது வேறு சங்கதி. அது அவன் முதுகைக் காப்பாற்ற. இங்கே அந்தப் பையன் செய்த குற்றம், நன்றாக ஆடியது.

இன்னொரு வழி, அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பது. 2016 ஜனவரியில் மும்பையை அடுத்த கல்யாணில் நடந்த பள்ளிகளுக்கிடையிலான ஆட்டத்தில் பிரணவ் தனவாடே என்ற பதினைந்து வயது மாணவர் ஆட்டமிழக்காமல் 1009 ரன் எடுத்தார். அவருடைய பள்ளி 3 விக்கெட்டுக்கு 1465. எதிர்ப் பள்ளி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 83. பந்து வீசியவர்களில் பலர் அவரைவிடச் சின்னப் பிள்ளைகள். உலகமே அந்த நாலு இலக்க எண்ணைக் கொண்டாடியது. மும்பை கிரிக்கெட் சங்கம் மாதம் பத்தாயிரம் ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. அடுத்த ஆண்டே, மகனின் ஆட்டம் எதிர்பார்த்தபடி இல்லை, தொகையை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அவருடைய தந்தை கடிதம் எழுதினார். அந்த ஆயிரம் ரன் அந்தப் பையனுக்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்க முடியும்? நல்ல பந்து ஒன்றை எதிர்கொள்ளும் வாய்ப்பு அந்த இரண்டு நாளில் எத்தனை முறை வந்திருக்கும்? அவர் தோளில் ஏறியது பயிற்சி இல்லை, சுமை. எதிர்ப் பக்கம் நின்ற பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை.

2017 நவம்பரில் குண்டூரில் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் போட்டி ஒன்றில் நாகாலாந்து அணி 17 ஓவர் ஆடி 2 ரன்னுக்குச் சுருண்டது. அந்த இரண்டில் ஒன்று வைடு. கேரளத்துப் பெண்கள் முதல் ஓவரிலேயே முடித்துவிட்டுப் பெவிலியன் திரும்பினார்கள். கேரள அணி என்ன தவறு செய்தது? எதுவுமில்லை. நாகாலாந்துப் பெண்கள்? அவர்களும் எந்தத் தவறும் செய்யவில்லை. அட்டவணை போட்டவர்கள்தான் இரு பக்கத்துக்கும் ஒரு நாளை வீணாக்கினார்கள்.

ஒரு மாணவி ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினால் அவள் பேனாவை யாரும் பிடுங்குவதில்லை. மூன்று வருடம் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வைத்து நூறு நூறாக வாங்கு என்று தட்டிக்கொடுப்பதும் இல்லை. இரண்டாம் வகுப்புக்கு அனுப்புகிறோம். பள்ளிக்கூடத்தில் சுலபமாகத் தெரியும் இந்த விஷயம் மைதானத்துக்குள் போனதும் நமக்கு மறந்துவிடுகிறது.

இந்தியக் கிரிக்கெட் வாரியம் இதை ஒருமுறை நினைவு வைத்துக்கொண்டது. 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் திராவிட் இளையோர் கிரிக்கெட்டின் நோய்களைப் பற்றி, முக்கியமாக வயதைக் குறைத்துக் காட்டும் மோசடியைப் பற்றி, வெளிப்படையாகப் பேசினார். அடுத்த ஆண்டு வாரியம் ஒரு விதி போட்டது: ஒருவர் ஒரே ஒரு 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில்தான் ஆடலாம், வயது மிச்சமிருந்தாலும் இரண்டாவது முறை கிடையாது.

அந்த விதி நம் பக்கத்துப் பேட்டைப் பையன் ஒருவர்மீதும் விழுந்தது. 1999 அக்டோபரில் பிறந்த வாஷிங்டன் சுந்தர் 2016 இளையோர் உலகக் கோப்பையில் ஆடியவர். 2018 கோப்பைக்கும் அவருக்கு வயது இருந்தது. பழைய வழக்கப்படி என்றால் அனுபவசாலியாக அந்த அணியில் நின்று சின்னவர்களை உருட்டியிருக்கலாம். அந்தக் கதவு மூடியிருந்தது. 2017 ஐ.பி.எல்.லில் புனே அணிக்காக ஆடினார். டிசம்பர் 13 அன்று மொஹாலியில் இந்தியாவின் மூத்த அணிக்கு அறிமுகமானார். அவர் ஆடியிருக்கக்கூடிய இளையோர் உலகக் கோப்பை தொடங்கியது சரியாக ஒரு மாதம் கழித்து, 2018 ஜனவரி 13இல். அவர் இல்லாத அந்த அணியும் கோப்பையை வென்றது. தடுத்ததால் அவருக்கும் நட்டமில்லை, அணிக்கும் நட்டமில்லை. இன்னொரு பையனுக்கு ஓர் இடம் கிடைத்தது.

ஆனால் இந்த உதாரணத்தைக் கொண்டு எல்லாத் தடையையும் நியாயப்படுத்திவிட முடியாது. மேலே ஒரு கதவு திறந்திருந்ததால்தான் கீழே மூடியது வலிக்கவில்லை. எத்தனை பிள்ளைகளுக்கு அப்படித் திறக்கிறது? மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் தன் வயதில் எல்லாரையும் ஓட்டத்தில் முந்துகிறாள் என்றால், அடுத்த நிலைக்குப் போக ஸ்பைக்ஸ் வேண்டும், வெளியூர் ரயில் செலவு வேண்டும், துணைக்கு வர லீவு கிடைக்கும் ஓர் அம்மா வேண்டும். அவளுக்கு அந்தப் பள்ளிப் போட்டி ஒன்றுதான் மேடை. அங்கேயும் ‘போன வருஷம் ஜெயிச்சியே, இந்த வருஷம் வேற யாராவது ஜெயிக்கட்டும்’ என்றால் அதற்குப் பெயர் சமத்துவம் இல்லை.

‘என் புள்ள காலையில நாலரைக்கு எழுந்து ப்ராக்டீஸ் பண்றான். அவனை ஏன் சார் ஒக்கார வைக்கணும்?’ என்று கேட்கும் அப்பாவை வெறி பிடித்தவர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன. அரசு வேலையிலும் ஒதுக்கீடு உண்டு. ஒரு சான்றிதழ் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும் என்றால், அதைத் தரும் போட்டியை அவர் லேசில் விடமாட்டார். குழந்தையின் ஆட்டத்தில் பெரியவர்களின் பிழைப்பைக் கொண்டுவந்து கட்டிவைத்தது நாம்தான். பிறந்த தேதியைத் திருத்துகிறவர்கள் முளைத்ததும், எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கண்டுபிடிக்கும் நிலை வந்ததும் அதனால்தான்.

அப்படியே தேதி உண்மையாக இருந்தாலும் வயது ஒரு முரட்டு அளவுகோல். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்த ரோஜர் பார்ன்ஸ்லி 1985இல் ஒன்றைக் காட்டினார்: முன்னணி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம். கணக்கு ஜனவரி முதல் தேதியில் தொடங்குவதால் ஜனவரிக் குழந்தை டிசம்பர்க் குழந்தையைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தது. அந்தச் சின்ன முன்னிலையைப் பார்த்துத் திறமை என்கிறோம். நல்ல பயிற்சியாளரைத் தருகிறோம். பிறகு அது உண்மையிலேயே திறமையாகிவிடுகிறது. பன்னிரண்டு வயதில் மீசை அரும்பியவனின் ஆதிக்கம் பதினாறில் கரைந்துபோவதைப் பார்க்காத பி.டி. மாஸ்டர் இருக்கமாட்டார். இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகள் சில ஆட்டங்களில் பிள்ளைகளைப் பிறந்த ஆண்டை விட்டு உடல் முதிர்ச்சியை வைத்துப் பிரித்துப் பார்க்கின்றன. சீக்கிரம் வளர்ந்தவன் தன் உயரத்தை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது, காலால் யோசித்தாக வேண்டும். மெதுவாக வளர்கிறவனுக்கோ பந்து ஒருவழியாகக் காலுக்கு வருகிறது.

சென்னைக்குச் செல்லமான விளையாட்டான சதுரங்கம் இந்தச் சிக்கலை எந்த நிர்வாகியும் இல்லாமலே ஓரளவு தீர்த்துவைத்திருக்கிறது. ரேட்டிங் கணக்கைப் பாருங்கள். வளரும் பிள்ளை ஒன்று தன்னைவிட 400 புள்ளி குறைந்தவரை வென்றால் கூடுவது 3.2 புள்ளி, டிரா ஆனால் பறிபோவது 16.8. எளியவரை அடித்துக்கொண்டே இருந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது. யாரும் யாரையும் தடுக்கவில்லை, ஆனால் வலுத்தவருக்கு லாபம் மேலே போவதில்தான் இருக்கிறது. பிரக்ஞானந்தா 2013இல் 8 வயதுக்குட்பட்டோரிலும் 2015இல் 10 வயதுக்குட்பட்டோரிலும் உலகப் பட்டம் வென்றவர். 2019இல் அவருக்குப் பதினான்கு வயது. மும்பையில் நடந்த உலக இளையோர் போட்டியில் அவர் உட்கார்ந்தது 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில். வென்றும் காட்டினார். தன் வயதுப் பிரிவில் ஆடியிருந்தால் பட்டம் இன்னும் சுலபமாகக் கிடைத்திருக்கும். அதனால் அவருக்கு ஆகப்போவது என்ன?

மேலே தள்ளும் இப்படிப்பட்ட கணக்கு இல்லாத ஆட்டத்தில் அதை ஒரு மனிதர்தான் செய்தாக வேண்டும். வாஷிங்டன் சுந்தரின் பெயருக்குப் பின்னால் அப்படி ஒருவர் இருக்கிறார். தந்தை சுந்தர் சிறுவனாகத் திருவல்லிக்கேணியில் ஆடிக்கொண்டிருந்தபோது, வீட்டில் வசதி இல்லை. அக்கம்பக்கத்தில் குடியிருந்த முன்னாள் ராணுவ வீரர் பி.டி. வாஷிங்டன் அவருக்குச் சீருடை வாங்கிக்கொடுத்தார், பள்ளிக் கட்டணம் கட்டினார், சைக்கிளில் உட்கார வைத்து மைதானத்துக்கு அழைத்துப் போனார். நன்றியாகத்தான் மகனுக்கு அந்தப் பெயர். நன்றாக ஆடும் ஒரு பிள்ளைக்கு அந்தத் தெரு என்ன செய்திருக்க வேண்டுமோ அதை ஒருவர் தனியாகச் செய்தார்.

தினமும் ஜெயிக்கும் குழந்தையும் தினமும் தோற்கும் குழந்தையும் ஒரே பொருளைத்தான் இழக்கிறார்கள். முடிவு தெரியாத ஓர் ஆட்டம் இருவருக்குமே கிடைக்கவில்லை. பலவீனமான பிள்ளைக்கு, தான் ஜெயிக்கக்கூடிய எதிராளி வேண்டும். பலமான பிள்ளைக்கு, தன்னைத் தோற்கடிக்கக்கூடிய எதிராளி வேண்டும். தோற்பதற்கு இடமில்லாத மைதானத்தில் நிற்கும் பிள்ளை எத்தனை கோப்பை வாங்கினாலும் விளையாட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. குழந்தைகள் விளையாட்டில் நியாயம் என்பது எல்லாருக்கும் ஒரே அளவு வெற்றியைப் பங்கிடுவதில் இல்லை. நாளைக்கும் ஆட வரவேண்டும் என்ற ஆசையை ஒவ்வொருவருக்கும் மிச்சம் வைப்பதில் இருக்கிறது.

ஆகவே ஒரு பிள்ளையைத் தடுக்கும் எந்த விதியையும் ஒரே கேள்வியால் எடைபோடலாம். ‘இங்கே போதும்’ என்று சொன்னவர், அடுத்த மைதானம் எங்கே இருக்கிறது என்றும் காட்டினாரா? காட்டியிருந்தால் அந்த விதி ஒரு பாடம். காட்டாமல் விட்டிருந்தால் அது தண்டனை.