மனிதக் கால் படாத காடு

'மனிதக் கால் படாத காடு' என்று சுற்றுலாக் கையேடுகளில் எழுதுகிறார்கள். கன்னிக்காடு என்றும் சொல்கிறார்கள். எந்த மனிதனுடைய கால்? பார்க்கப் போகிறவனுடைய காலை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சுமக்கிறவனுடைய கால், விறகு பொறுக்குகிறவளுடைய கால்தான் காட்டைக் கெடுத்துவிடுகிறது. தொட்டால் கெட்டுப்போகும் என்கிற இந்த மொழி நமக்குப் புதுசில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை இமயமலையைவிடப் பழையது. அதன் தெற்குக் கோடியில் களக்காடு முண்டந்துறை. 1988இல் புலிகள் காப்பகமாக்கினார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல். மணிமுத்தாறு தாண்டி ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. காக்காச்சிக் காட்டில் வெடிப்பலாவைத் தின்ன சோலைமந்தி வரும். முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம். மரத்துக்கு மரம் தாவித்தான் பிழைக்கும், லேசில் தரைக்கு இறங்காது. நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதற்கு ஊர் ரெண்டாகிவிடும். 2022இல் போனபோது பார்த்தேன். காலில் அட்டை ஏறி ரத்தம் வழிவது தெரியாமல் அண்ணாந்து நின்றேன். அந்தச் சந்தோசத்தை யாருக்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கம்மா மலையடிவாரத்துக்குப் போனதெல்லாம் விறகுக்கட்டுக்குத்தான். ஒரு மரத்தை நின்று பார்க்க அவளுக்கு யார் நேரம் கொடுத்தார்கள்? சும்மா நடப்பதும் ஒரு உரிமைதான். வசதிக்காரன் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சரி, அந்தக் காட்டு நடுவில் தேயிலை எப்படி வந்தது? 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கரை பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்கு விட்டது. காட்டை அழித்துத் தேயிலை நட்டது நம்ம சனங்கள். பெரும்பாலும் தலித்துகள், கீழேயிருந்து கூட்டிப்போகப்பட்டவர்கள். வெட்டிய கை அவர்களுடையது, வெட்டச் சொன்ன வாய் வேறு. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும் சிறையில் கிடந்த தொழிலாளர்களை விடச்சொல்லியும் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். ஒரு சின்னக் குழந்தையும் அதில் உண்டு. 2024இல், குத்தகை முடிய நாலு வருசம் மிச்சமிருக்கும்போதே, விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கி மலையைவிட்டு இறங்கச் சொன்னார்கள். 'விருப்ப' என்கிற சொல்லைக் கவனியுங்கள்.

நான் போயிருந்தபோது லைன் வீட்டு வாசலில் ஒரு அம்மாவிடம் கேட்டேன்: "சித்தி, நீங்க மந்தியப் பாக்கப் போவீங்களா?"

"அதுல்லா எங்களப் பாக்கும் தம்பி. கொழுந்து எடுக்கையில மேல இருந்து பாத்துக்கிட்டே கெடக்கும். நீங்கதான் துட்டு குடுத்து வந்து பாக்கிய."

சிக்கலான இடம் இனிதான். தேயிலை மறுபடி காடானால் மந்திக்கு நல்லது. இதை நான் மறுக்க மாட்டேன். மந்தி ஓட்டுப் போடாது, ஊர்வலம் போகாது; அதற்காகவும் யாராவது பேசத்தான் வேணும். அதனால் காடா மனுசனா என்று கேட்பது கள்ளக்கேள்வி. காட்டை அழித்த கணக்கை யார் பேரில் எழுதுவது என்பதே கேள்வி. லாபம் கம்பெனிக்கு, குத்தகைப் பணம் முதலில் ஜமீனுக்கு, பிறகு அரசாங்கத்துக்கு. பரிகாரம் மட்டும் லைன் வீட்டுக்காரி செய்ய வேண்டுமாம்.

எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியம் படித்தோம். கருப்பொருள் என்று அது எண்ணுவதில் விலங்கு, மரம், பறவையோடு உணவும் பறையும் தொழிலும் சேர்ந்தே வரும். (அதே இலக்கணம்தான் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே தள்ளியது, சங்க காலத்தைத் தலையில் வைத்து ஆட நான் வரவில்லை.) இன்றைய காப்பக வரைபடத்தில் விலங்கு இருக்கிறது, மரம் இருக்கிறது, பறவை இருக்கிறது. பறையையும் தொழிலையும் அடித்துவிட்டார்கள்.

தேயிலையைப் பிடுங்கினால் மறுநாளே காடு வந்துவிடாது. களை எடுக்கணும், வெடிப்பலா நாற்று வளர்க்கணும், பல வருசம் பார்த்துக்கொள்ளணும். எந்தச் சரிவில் எப்போது தண்ணி ஊறும், யானை எந்த வழியாக இறங்கும் என்று அங்கேயே பிறந்தவர்களுக்குத் தெரியும். அந்த வேலையையும் அந்த வீடுகளையும் அவர்களுக்கே கொடுங்கள் என்றால், புலிகள் காப்பகத்தில் குடியிருப்பு எதற்கு என்கிறார்கள். நான் போனபோது சோதனைச்சாவடியில் அனுமதி கொடுத்து வண்டிகளை ஏற்றி அனுப்பியதும் அதே காப்பகத்துக்குள்தான்.