இளையோர் அவையும் நரைமுடியும்

சோழன் கரிகாலன் இளமையிலேயே அரசுகட்டில் ஏறியவன். வழக்கொன்றுடன் அவனது அவைக்கு வந்த முதியோர் இருவர், இவ்விளைஞனால் முறைவழங்குதல் இயலுமோ என ஐயுற்றனர். அஃதுணர்ந்த அரசன் நரைமுடி புனைந்து முதியோன் போல் வந்து வழக்கினைக் கேட்டுத் தீர்ப்புரைத்தான் எனப் பழங்கதை கூறும். இக்கதை பெரும்பாலும் அரசனின் அறிவுத்திறத்துக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகின்றது. அம்முதியோரைப் பற்றி அது கூறுவதை நோக்குவார் சிலரே. அவர்கள் ஐயுற்ற அறிவும் பின்னர் ஏற்றுக்கொண்ட அறிவும் ஒன்றே. மாறியது மயிரின் நிறம் மட்டுமே.

நகர ஆட்சியில் இளையோருக்கு இடமளித்தல் பற்றிய விவாதத்தின் அடியிலும் இவ்வையமே கிடக்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் சன் பிரான்சிஸ்கோ நகரினை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அந்நகர வாக்காளர் 1995 ஆம் ஆண்டில் நகரப் பட்டயத்தைத் திருத்தி, 12 முதல் 23 வரை வயதுடைய 17 பேரைக் கொண்ட இளைஞர் ஆணைக்குழு ஒன்றினை நிறுவினர். நகரின் சட்டமியற்றும் அவையாகிய மேற்பார்வையாளர் சபையின் உறுப்பினர் 11 பேரும் ஆளுக்கொருவரை நியமிப்பர். எஞ்சிய 6 பேரை நகர முதல்வர் நியமிப்பார். சிறுவரையும் இளைஞரையும் சிறப்பாகப் பாதிக்கும் சட்ட முன்மொழிவுகள் இக்குழுவுக்கு அனுப்பப்படல் வேண்டும். குழுவின் பதில் கிடைக்கும் வரை, அன்றேல் 12 நாட்கள் கழியும் வரை, சபை இறுதி முடிவு எடுத்தலாகாது. அதாவது, மூத்தோர் சபை இளையோரின் சொல்லுக்குக் காத்திருக்கக் கடமைப்பட்டுள்ளது. அச்சொல்லுக்கு இணங்கக் கடமைப்பட்டதன்று.

இத்தகைய மன்றங்களில் இருக்கும் பதின்ம வயதினர் தம் அனுபவத்தைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளும்போது, அவர்தம் பேச்சு பெரும்பாலும் ஒரே திசையிற் செல்வதைக் காணலாம். அவையில் அஞ்சாது பேசப் பழகியமை, வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கக் கற்றமை, அதிகாரிகளின் அறிமுகம் கிடைத்தமை, பல்கலைக்கழக அனுமதிக்கு அது துணையானமை என்பனவே முன்வைக்கப்படும். இவை பொய்யல்ல, இழிந்தனவுமல்ல. பொதுப்பணியில் ஈடுபடுதலே பொதுநல உணர்வைப் பயிற்றும் பள்ளி என்னும் கருத்தை 1861 இலேயே ஜோன் ஸ்ருவர்ட் மில் வலியுறுத்தினார். ஆயினும் இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. ஐம்பது வயது மேற்பார்வையாளர் ஒருவரிடம் இப்பதவியால் நீர் கற்றது யாது என எவரும் வினவுவதில்லை. நகருக்குச் செய்தது யாது என்றே வினவுவர். இளையவரிடம் மட்டும் முதல் வினா கேட்கப்படுகின்றது. கேட்பவர் அன்புடனேயே கேட்கின்றார். எனினும் அவ்வினாவினாலே பொதுப்பதவி தனிமனிதப் பயிற்சியாகச் சுருங்கிவிடுகின்றது. கரிகாலனின் இளமை அவனுக்குத் தடையாயிற்று. இவர்களது இளமையோ கைதட்டலைப் பெற்றுத் தருகின்றது. தீர்ப்பு நிறுத்துப் பார்க்கப்படாமை இரண்டிடத்தும் ஒன்றே.

சன் பிரான்சிஸ்கோ இளைஞர் இப்பயிற்சி நிலையிலேயே அமைந்துவிடவில்லை. நகரத் தேர்தல்களில் 16 வயதினருக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் கோரிக்கையை ஆணைக்குழுவினர் முன்னெடுத்தனர். மேரிலன்ட் மாநிலத்தின் ரக்கோமா பார்க் என்னும் சிறுநகர் 2013 இலேயே இதனை ஏற்றிருந்தது. சன் பிரான்சிஸ்கோவில் 2016 இல் வாக்காளர் முன் வைக்கப்பட்ட இத்திருத்தத்தை ஏறத்தாழ 48 வீதத்தினரே ஆதரித்தனர். மீண்டும் 2020 இல் வைக்கப்பட்டபோது ஆதரவு 49 வீதத்தைச் சற்றே தாண்டியது. திருத்தம் மறுபடியும் தோற்றது.

வாக்கில்லார் தமக்கு வாக்களிக்குமாறு வாக்குடையாரிடம் இரத்தல் வரலாற்றிற் புதியதன்று. பெண்களும் சொத்தில்லாதோரும் அவ்வாறே நின்றனர். ஆனால் இளையோரின் நிலை ஒருவகையில் தனித்தன்மை வாய்ந்தது. ஏனையோரின் குறை அவர்களுடனேயே வளர்ந்தது. அதனால் அது இயக்கமாகத் திரண்டது. இளையோரின் குறையோ அவர்கள் வளர வளரத் தானே தீர்ந்துபோவது. 2016 இல் 16 வயதினராய்த் தோற்றவர்கள் 2020 இல் 20 வயது வாக்காளராயினர். அப்போது அவ்வுரிமை அவர்களுக்கு வேண்டியதாயில்லை. மறுபுறம், எதிர்த்து வாக்களித்த ஒவ்வொருவரும் ஒருகால் 16 வயதினராய் இருந்தவரே. தாம் கடந்துவந்த நிலையையே அவர்கள் மறுத்தனர்.

இதனாலேயே இங்கு அநீதி ஏதுமில்லை என வாதிப்போர் உளர். யாவரும் 18 வயது வரை காத்திருக்கின்றனர். ஆகவே முழு வாழ்நாளையும் நோக்குமிடத்து யாவரும் சமமாகவே நடத்தப்படுகின்றனர் என்பது அவர்தம் வாதம். இஃது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மனிதரை மட்டும் எண்ணின் அது சரியே. ஆனால் முடிவுகள் மனிதரைப் போலக் காத்திருப்பதில்லை. ஒரு பாடசாலையை மூடுவதா, பஸ் கட்டணத்தை உயர்த்துவதா என்பன அவ்வாண்டிலேயே தீர்க்கப்படுவன. பின்னர் பெறும் வாக்கு முன்னர் மூடிய பாடசாலையைத் திறவாது. மேலும், 17 வயதில் இவ்வுரிமையைக் கோருபவர் அதனைத் தமக்காகக் கோருகின்றார் எனக் கூறுதல் அரிது. அண்டை நகராகிய பேக்லியின் வாக்காளர் 2016 இல் பாடசாலைச் சபைத் தேர்தலுக்கு மட்டும் 16 வயதினரை அனுமதிக்க இசைந்தனர். அவ்வாக்கு முதன்முதலில் அளிக்கப்பட்டது 2024 நவம்பரிலேயே. 2016 இல் 16 வயதாயிருந்தவர் அப்போது 24 வயதினர். அனுபவமும் வாய்ப்பும் பற்றிய பேச்சுக்குள் அடங்காத ஒரு பொதுநலம் இங்கு தோன்றுகின்றது.

இளைஞர் வாழ்க்கைச் செயல்களில் அனுபவமற்றோர், ஆதலின் அரசியற் கல்விக்கு உரியரல்லர் என அரிஸ்ரோட்டில் கருதினார். அதே நூலில், யாழ் வாசித்தே யாழ் வல்லோராவது போல நற்செயல் செய்தே நல்லோராகின்றோம் எனவும் அவரே கூறியுள்ளார். இரண்டையும் ஒருங்கு வைத்தால், யாழ் கைவரும் வரை யாழைத் தொடலாகாது என்றாகின்றது! முதிர்ச்சி பற்றிய எதிர்வாதத்தின் முடிச்சு இதுவே. பதற்றமின்றி ஆராய்ந்து முடிவெடுக்கும் திறன் ஏறக்குறைய 16 வயதிலேயே முதிர்ந்துவிடுகின்றது. உணர்ச்சி கொதிக்கும் வேளையிற் கட்டுப்படும் திறனே பிந்தி வருவது என உளவியலாளர் லோரன்ஸ் ஸ்ரைன்பேர்க் எடுத்துக்காட்டியுள்ளார். வாக்களித்தல் முன்னைய வகையைச் சார்ந்தது.

அங்ஙனமாயின் 14 வயதினருக்கு ஏன் மறுக்க வேண்டும்? இவ்வினாவுக்குத் திருத்தமான விடை இல்லை. எல்லை எங்கு வரையப்படினும் ஒரு நாள் முன்பின்னாகப் பிறந்தவர் வெளியே நிற்பர். நியமன உறுப்பினர் யாரைப் பிரதிநிதித்துவம் செய்கின்றனர் என்பதும் தீராத வினாவே. மாலையில் வேலைக்குச் செல்லும் மாணவருக்குக் குழுக்கூட்டத்துக்கு நேரம் கிடைத்தல் அரிது. இளையோருக்குள்ளும் பேசுவோரும் பேசப்படுவோரும் எனப் பிரிவு உண்டு. ஆயினும் எல்லை வரைதற்குக் கூறப்படும் காரணம் தன்னளவிலேனும் முரணின்றி அமைதல் வேண்டும். 2024 நவம்பரில் பேக்லி நகரின் 16 வயதினர் பாடசாலைச் சபைக்கு வாக்களித்தனர். அதே நாளில் அந்நகர் தன் முதல்வரையும் தெரிவு செய்தது. அத்தெரிவில் அவர்களுக்குப் பங்கிருக்கவில்லை.